ஏசாயா 7:14-ஐ வைத்துச் சண்டை போடுவதற்கு முன்

ஒரே வேதத்தை யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஏன் வேறு வேறாக வாசிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தாலே, ஐந்து நிமிடத்தில் ஏசாயா 7:14 வந்துவிடும். 'ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெறுவாள்' என்ற ஏசாயா தீர்க்கதரிசியின் வரி அது, மத்தேயு தன் சுவிசேஷத்தில் அதை இயேசுவின் பிறப்புக்குப் பொருத்துகிறார். அடுத்த ஐந்து நிமிடத்தில் யாராவது எபிரெய அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். முதல் தவறே அதுதான்.

எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் 'அல்மா', அதாவது இளம்பெண். கன்னி என்று சொல்லத்தான் 'பெத்தூலா' இருக்கிறதே, அதை ஏன் ஏசாயா எழுதவில்லை என்று யூதத் தரப்பு கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால் யோவேல் 1:8-இல் தன் இளவயதுக் கணவனை நினைத்து அழுகிறவளும் பெத்தூலாதான். சரி, கிரேக்க மொழிபெயர்ப்பில் 'பார்த்தெனோஸ்' என்று இருக்கிறதே, கன்னிதானே என்பார் கிறிஸ்தவ நண்பர். அதே கிரேக்கத்தில் ஆதியாகமம் 34:3-ஐப் பாருங்கள்: சீகேம் கெடுத்த பிறகும் தீனாள் பார்த்தெனோஸ்தான்! அகராதியை மட்டும் வைத்து இதில் யாரும் ஜெயிக்க முடியாது.

அடுத்தது, 'அவர்கள் மாற்றிவிட்டார்கள்' என்ற புகார். யூதர்கள் வேதத்தில் கைவைத்துவிட்டார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதினார். ஆனால் 1947-இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் இயேசுவுக்கு ஏறத்தாழ 100 ஆண்டு முந்தையது, அதிலும் அல்மாதான். எதிர்ப்பக்கத்தில், மத்தேயு தப்பாக மொழிபெயர்த்துவிட்டார் என்பார்கள். அதுவும் சரியில்லை, பார்த்தெனோஸ் என்று போட்டது அவருக்கு முன்பே ஏசாயாவைக் கிரேக்கமாக்கிய யூதர்கள். தமிழிலேயே இந்தத் தடம் தெரியும்: புராட்டஸ்டன்டுகளின் பழைய மொழிபெயர்ப்பில் ஏசாயா, மத்தேயு இரண்டு இடத்திலும் கன்னிகை, பின்னால் வந்த திருவிவிலிய மொழிபெயர்ப்பிலோ எசாயாவில் இளம்பெண், மத்தேயுவில் கன்னி.

எனக்கு இதைவிடப் பெரிய தவறாகத் தோன்றுவது, 14-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுவது. இரண்டு வசனம் தள்ளிப் படித்தால், அந்தப் பிள்ளை நன்மை தீமை அறியும் முன்பே யூதாவின் ராஜா ஆகாஸ் அஞ்சுகிற இரண்டு அரசர்களின் நாடும் பாழாகும் என்று வருகிறது. கி.மு. 730களில் சிரியாவும் வட இஸ்ரவேலும் எருசலேமை நெருக்கிய நேரம் அது, 700 ஆண்டு கழித்துப் பிறக்கும் குழந்தை ஆகாஸுக்கு எப்படி அடையாளமாகும் என்பதுதான் யூதர்களின் உண்மையான கேள்வி. அதற்காக மத்தேயு ஏமாற்றினார் என்று முடித்துவிடவும் கூடாது. அவர் 'நிறைவேறியது' என்று சொல்வது, சோதிடம் பலித்தது என்கிற மாதிரி அல்ல. 'எகிப்திலிருந்து என் குமாரனை வரவழைத்தேன்' என்று ஓசியா சொன்னது இஸ்ரவேலின் பழங்கதையை, மத்தேயு அதையே குழந்தை இயேசுவுக்குப் பொருத்துகிறார். கும்ரான் சுருள்களை வைத்திருந்த யூதக் குழுவினரும் ஆபகூக் தீர்க்கதரிசி சொன்ன கல்தேயரைத் தங்கள் காலத்து ரோமர்களாக வாசித்தார்கள். அன்றைய யூதர்களுக்கு அது பழகிய வாசிப்பு முறை.

இதே மாதிரி இன்னொரு தகராறு, கிறிஸ்தவர்கள் இயேசு என்று வாசிக்கும் ஏசாயா 53-இன் பாடுபடும் ஊழியன். அந்த ஊழியன் இஸ்ரவேல் மக்கள்தான் என்பது 11-ஆம் நூற்றாண்டில் ரஷி என்ற யூத உரையாசிரியர் கட்டிவிட்டது என்று கிறிஸ்தவர்கள் சிலர் அடித்துச் சொல்வார்கள். தன்னோடு வாதிட்ட யூதர்கள் அப்படித்தான் சொன்னார்கள் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் எழுதிவைத்திருக்கிறார், அவர் கிறிஸ்தவர். அதே சமயம் யூதர்கள் யாருமே அதை மேசியாவோடு சேர்த்ததில்லை என்றும் சொல்லாதீர்கள், யூத ரபிகளின் நூலான தல்மூதில் 53:4 மேசியாவைப் பற்றிய பேச்சில்தான் வருகிறது.

கிறிஸ்தவர்கள் சிலுவையோடு சேர்த்து வாசிக்கும் சங்கீதம் 22-இல், கை கால்களை 'உருவக் குத்தினார்கள்' என்பதா, 'சிங்கத்தைப்போல' என்பதா என்ற தகராறு ஏறக்குறைய ஓர் எழுத்தின் வாலைப் பற்றியது: எபிரெயத்தில் யோத் என்ற எழுத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் வாவ் என்ற எழுத்து. இத்தனைக்கும் புதிய ஏற்பாட்டில் எவரும் அந்த வரியை மேற்கோள் காட்டவில்லை.

அப்புறம், ஒரு சின்ன விஷயம். எபிரெயத்தில் சங்கீதத்தின் தலைப்பும் பல இடங்களில் வசனமாக எண்ணப்படும், அதனால் நம்முடைய 22:16 அங்கே 22:17. அதிகாரம் பிரியும் இடமும் மாறும், அதனால் ஏசாயா 9:6 அங்கே 9:5. எண்ணைச் சொல்லி ஒரு யூதரிடம் வாதத்துக்குப் போனால், அவர் பக்கத்தைத் திறந்து வேறு வரியைப் படித்துக்கொண்டிருப்பார்.