முதல் வீடியோ கமரா: கடைக்குப் போக முதல் பார்க்க வேண்டியவை

குறும்படம் எடுக்க ஆசைப்படுகிற தம்பி, தங்கைகள் எல்லோரும் முதலில் கேட்பது 4கே, அதாவது மிகத் துல்லியமான வீடியோ, பற்றித்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது மைக் குத்துகிற துளையை.

படி 1: காசைப் பிரியுங்கள். பாதியைக் கமராவுக்கும் லென்ஸுக்கும் வையுங்கள். மீதி மைக், முக்காலி, இன்னொரு பற்றரிக்கு. கொழும்பில் பஸ் ஓடும் காலி வீதியில் (Galle Road) நின்று எடுத்தால், கமராவோடு வரும் மைக்கில் வசனத்தை விட பஸ் சத்தம்தான் பதியும்.

படி 2: மொடலைத் தெரிவு செய்யுங்கள். கெனன் 1500டி மலிவு, ஆனால் அதில் மைக் துளை இல்லை. கெனன் 200டி-யில் இருக்கிறது, 1080-இல் (4கே-க்கு ஒரு படி கீழான முழு எச்டி வீடியோ) அதன் ஓட்டோ ஃபோகஸும் நல்லது. பாவித்த 200டி ஒன்றே என் முதல் தெரிவு. கூடக் காசு இருந்தால் சோனி இசட்வி-ஈ10. அதில் ஹெட்ஃபோன் துளையும் உண்டு, பதியும்போதே சத்தத்தைக் கேட்டுப் பார்க்கலாம். 250டி-யை 4கே-க்காக வாங்காதீர்கள். 4கே-க்கு மாற்றினால் காட்சி குறுகிவிடும், ஃபோகஸும் தடுமாறும்.

படி 3: கடை வெளிச்சத்திலேயே எடுத்துப் பாருங்கள். அதிகம் பேர் மாட்டுப்படுவது இங்கேதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரியூப் லைட்டும் மலிவான எல்ஈடி பல்புகளும் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். மெனுவில் வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC, 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது) என்று இருந்தால் பால் (PAL, 50 ஹெர்ட்ஸுக்கானது) என்று மாற்றுங்கள். அப்புறம் மனுவல் மோட், செக்கனுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 செக்கன். ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு வெளிச்சத் துடிப்பு விழுவதால் பட்டை நின்றுவிடும். 1/60-இல் வைத்து ஒன்று, 1/50-இல் ஒன்று எடுங்கள். வித்தியாசத்தை ஒரு தரம் பார்த்தால் பிறகு மறக்காது. ஷட்டரைக் கையால் மாற்ற விடாத கமரா என்றால் வேண்டாம்.

படி 4: பாவித்த லென்ஸ் என்றால் போன் டோர்ச்சைப் பின்பக்கமாக அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சணம், வாங்க வேண்டாம். கொழும்பின் ஈரக்காற்றில் புது லென்ஸுக்கும் அது பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோல் பையில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: ஜப்பானிலிருந்து வந்த சோனி மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்த நாட்டில் விற்கவென்று செய்தவற்றில் பெரும்பாலும் ஜப்பான் மொழி மெனு மட்டுமே வரும். மொழிப் பக்கத்தைத் திறந்து, ஆங்கிலம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.