கைடு தேடும்போது சைட்டேஷனைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பி.எச்டி.க்குக் கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், தேடுகிறவர்கள் முதலில் திறப்பது ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத்தான். சைட்டேஷன் (அவர் கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டியது) எத்தனை, ஹெச்-இன்டெக்ஸ் (குறைந்தது 10 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை 10 இருந்தால் 10) எத்தனை என்று பார்த்ததுமே பாதி முடிவு எடுத்துவிடுகிறார்கள். உயிர்மருத்துவத் துறையில் இப்படி எடுத்த முடிவு பல நேரம் தப்பாகிவிடும்.

சைட்டேஷன் குவிந்திருந்தால் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைப்பதுதான் முதல் தவறு. உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, ஆலிவர் லௌரியும் மூன்று பேரும் சேர்ந்து 1951இல் வெளியிட்டது. கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை, அவ்வளவுதான். புரதம் அளந்தவர்களெல்லாம் அதைக் குறிப்பிட்டு குறிப்பிட்டே எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டியது. டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன 1953 கட்டுரையோ, 2014இல் நேச்சர் இதழ் வெளியிட்ட முதல் 100 பட்டியலிலேயே இல்லை! ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரைகளும் இப்படித்தான் அள்ளிக்கொண்டு வரும். அதனால் மொத்தம் எவ்வளவு என்பதோடு நிற்காமல், எந்தக் கட்டுரைக்கு வந்தது என்று திறந்து பாருங்கள்.

எண்ணிக்கை குறைவு என்று ஒருவரை ஒதுக்குவதும் அதே அளவு தவறு. கல்கத்தாவின் சம்பு நாத் டே, காலரா கிருமியை வளர்த்த திரவத்திலிருந்து கிருமியை வடிகட்டி எடுத்துவிட்டு, மீதியை மட்டும் முயலின் குடலில் செலுத்திப் பார்த்தார். அப்போதும் குடலில் நீர் கோத்தது. ஆக, வேலையைக் காட்டுவது கிருமி வெளிவிடும் நச்சு. 1959இல் நேச்சரில் வந்த இந்தக் கட்டுரையை அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியலிடும் சைட்டேஷன் குறியீட்டுக்கே தந்தையான யூஜின் கார்ஃபீல்ட் 1986இல் அவரைப் பற்றி விரிவாக எழுதினார். டே அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

அப்புறம், இனிஷியல். நம் ஊர் ஆய்வாளர்களுக்கே உரிய தலைவலி இது. ஒரு கட்டுரையில் எஸ். குமார், அடுத்ததில் குமார் சுப்பிரமணியன், வெளிநாட்டு இதழில் கே. சுப்பிரமணியன். ஒரே ஆள் மூன்றாகப் பிரிந்து கிடப்பார். இல்லாவிட்டால் ஊரில் உள்ள எஸ். குமார்கள் எழுதியதெல்லாம் ஒருவர் கணக்கில் ஏறியிருக்கும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண் இருந்தால் அதை வைத்தே தேடுங்கள்.

கூகுள் ஸ்காலர் எண்ணையும், தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் கூடாது. கூகுள் ஆய்வேடு, ப்ரீப்ரின்ட் (இதழில் வருமுன் இணையத்தில் ஏற்றிய கட்டுரை) எல்லாவற்றையும் எண்ணும், ஏமாற்றுவதும் சுலபம். பிரான்சின் சிரில் லாபே 2010இல் ஐக் ஆன்ட்கேர் என்று ஒரு கற்பனை விஞ்ஞானியை உருவாக்கி, கணினி எழுதிய உளறல் கட்டுரைகளை ஏற்றி, 94 ஹெச்-இன்டெக்ஸ் வாங்கிக் காட்டினார்.

கடைசியாக, பெயர் வரிசை. இந்தத் துறையில் வேலையைச் செய்தவர் பெயர் முதலிலும், ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியிலும் வருவது வழக்கம். நடுவில் பதினேழாவது பெயராக இருந்தாலும் சைட்டேஷன் முழுதாக ஏறிவிடும். உங்கள் கைடு கடைசிப் பெயராக இருக்கும் சமீபத்திய கட்டுரைகளை எடுங்கள். முதல் பெயர் அவருடைய மாணவருடையதுதானா, அந்த மாணவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று பாருங்கள்.