கிளினிக்கில கிடைக்கிற அஞ்சு நிமிசத்துக்குள்ள தீர்வு நோக்கிக் கதைக்கப் பழகிறது எப்பிடி

நேர்ஸ், டொக்டர், பிசியோ, குடும்பநல உத்தியோகத்தர், ஆராயிருந்தாலும் எங்கட வேலையில பாதி கதைதான், அதிலயும் கனக்கப் புத்திமதி. சீனியைக் குறையுங்கோ, நடவுங்கோ, குளிசையை விடாதேங்கோ. கேக்கிற ஆக்கள் தலையாட்டிப்போட்டுப் போவினம், அடுத்த கிளினிக்குக்கு வரேக்க கொப்பியில அதே நம்பர்தான் நிக்கும். தீர்வு நோக்கிய சிகிச்சை எண்டு சொல்லுறதில இருந்து ரெண்டு மூண்டு கேள்வியை எடுத்துப் பழகினாலே இந்த நிலைமை கொஞ்சம் மாறும், அதுக்காக ஒருத்தரும் முழு கவுன்சிலரா மாறத் தேவையில்லை.

1978இல அமெரிக்காவில மில்வோக்கியில ஸ்டீவ் டி ஷேசரும் அவற்ற மனிசி இன்சூ கிம் பேர்க்கும் தங்கட ஆக்களோட ஒரு நிலையம் தொடங்கிச்சினம், அங்க உருவானதுதான் இது. ஒரு பக்கத்தால மட்டும் பாக்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னால இருந்து மற்றவை சிகிச்சைக்கு வந்த ஆக்களோட கதைக்கிறதைப் பாத்து எந்தக் கேள்விக்கு ஆக்கள் முன்னுக்கு நகருகினம் எண்டு கவனிச்சு எடுத்ததால இதில தியரி குறைவு, கேள்விதான் கூட. பிரச்சினை ஏன் வந்தது எண்டு தோண்டிக்கொண்டு இருக்காமல், அது குறைஞ்சிருக்கிற நேரத்தில அந்த ஆள் என்ன செய்யிறார் எண்டு தேடுறது. வருத்தத்துக்குக் காரணம் தேடுறதை விடச்சொல்லி ஆரும் சொல்லேல்ல, அது வேற வேலை.

முதல் பழக வேண்டியது அளவுகோல் கேள்வி. சீனி வருத்தத்துக்கு கிளினிக் வாற ஒரு அம்மா எண்டு வையுங்கோ.

"அம்மா, 10 எண்டா சுகரை நான் சமாளிப்பன் எண்டு முழு நம்பிக்கை, 0 எண்டா ஒண்டுமே ஏலாது. இப்ப எவ்வளவில நிக்கிறியள்?"

"மூண்டு சொல்லலாம் பிள்ளை."

இந்த இடத்தில "ஏன் மூண்டுதான்?" எண்டு கேக்க நாக்கு துடிக்கும். கேட்டியள் எண்டா அவ தன்ர குறையளை ஒவ்வொண்டா அடுக்கத் தொடங்கிடுவா. திருப்பிக் கேளுங்கோ: "0 எண்டு சொல்லாமல் மூண்டு எண்டு சொல்லுறியள், என்னத்தை வச்சுச் சொல்லுறியள்?"

"பின்னேரத் தேத்தண்ணிக்கு இப்ப சீனி போடுறேல்ல, பனங்கட்டிதான் கடிக்கிறது."

"வேற?"

"வேற என்ன... மருமேள் வேலைக்குப் போற நாளில பேரனை ரியூசனால கூட்டிக்கொண்டுவர நடந்துதான் போறனான்."

அந்த நடையை அவ தேகப்பயிற்சி எண்டு ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டா, "நடக்கிறனீங்களோ?" எண்டு நேர கேட்டிருந்தா இல்லை எண்டுதான் பதில் வந்திருக்கும். இனி "நாலு எண்டா என்ன வித்தியாசமா இருக்கும்?" எண்டு கேளுங்கோ. மருமேள் லீவில நிக்கிற நாளிலயும் நானே போய்க் கூட்டிவரலாம் எண்டு அவவே சொன்னா, அது நீங்கள் சொல்லுற முப்பது நிமிச நடையை விட நிலைக்கும். பனங்கட்டியை மறந்திடாதேங்கோ, அதுவும் சுகரை ஏத்தும் எண்டு சொல்லத்தான் வேணும், ஆனா "ஒண்டு சொல்லட்டோ அம்மா?" எண்டு கேட்டுட்டு, கடைசியாச் சொல்லுங்கோ.

எங்கட ஆக்களுக்கு நம்பர் எண்டாலே சோதினை மார்க்ஸ், சிலபேர் நேர்ஸ் மிஸ்ஸைச் சந்தோசப்படுத்த எட்டு, ஒன்பது எண்டு சொல்லுவினம். சரி பிழை இல்லை எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ.

அந்த "வேற?" எண்ட சின்னக் கேள்விதான் உண்மையில கஷ்டமானது, ஏனெண்டா கேட்டுட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கோணும், வெளியில வாங்கில லைன் நிக்கேக்க ரெண்டு செக்கனே ஒரு யுகம் மாதிரி இருக்கும்.

அற்புதக் கேள்வி எண்டும் ஒண்டிருக்கு. இரவு நித்திரை கொள்ளேக்க உங்களுக்குத் தெரியாமல் ஒரு அற்புதம் நடந்து, இஞ்ச உங்களைக் கொண்டுவந்த பிரச்சினை தீந்துபோச்சு, விடிய எழும்பினதும் எதை வச்சுக் கண்டுபிடிப்பியள் எண்டு கேக்கிறது. எல்லாப் புத்தகத்திலயும் இதுதான் பெரிசா இருக்கும், ஆனா என்னைக் கேட்டா யாழ்ப்பாணத்தில இதைக் கடைசியாப் பழகுங்கோ. காணாமல் போன பிள்ளைக்காக இண்டைக்கும் காத்திருக்கிற ஒரு அம்மாட்டை இதைக் கேட்டா என்ன பதில் வரும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அவைக்குச் சமாளிக்கிற கேள்விதான் பொருந்தும்: "இவ்வளவுக்குள்ளயும் காலமை எழும்பி அடுப்பு மூட்டுறியளே, எப்பிடி ஏலுது?" இதை உண்மையா அறியிற ஆசையோட கேக்கோணும், புகழுற மாதிரிக் கேட்டா போலியாத் தெரியும்.

ஆராவது சாகிற கதை கதைச்சா அளவுகோலோட விளையாடிக்கொண்டு இருக்காதேங்கோ. நேர கேளுங்கோ, தனிய விடாதேங்கோ, மனநலப் பிரிவுக்கு உடன அனுப்புங்கோ, வீட்டாக்களுக்கு 1926 எண்ட இலங்கையின்ர தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தையும் குடுங்கோ.

பழகிறதுக்கு கோர்ஸ் வரட்டும் எண்டு காத்திருக்கத் தேவையில்லை. கூட வேலை செய்யிற ஒருத்தரோட தேத்தண்ணி நேரத்தில ஆள்மாறி ஆள் நோயாளியா நடியுங்கோ, போனில ரெக்கோர்ட் பண்ணிக் கேட்டா எத்தினை கேள்வி, எத்தினை புத்திமதி எண்டு தெரியும், நடிக்கேக்க மட்டும் ரெக்கோர்ட் பண்ணுங்கோ, நோயாளியை வேண்டாம். முதல் கிழமை அளவுகோல் கேள்வி மட்டும், ஒரு நாளைக்கு ஒரு ஆளோட போதும். நோயாளி சொன்ன நம்பரையும் அடுத்த நம்பர் எண்டா என்ன எண்டு சொன்னதையும் கிளினிக் கொப்பியில அவரின்ர சொல்லிலயே எழுதிவிடுங்கோ, அடுத்தமுறை வேற மிஸ் நிண்டாலும் "போனமுறைக்குப் பிறகு என்ன கொஞ்சமெண்டாலும் நல்லாயிருக்கு?" எண்டு அதில இருந்தே தொடங்கலாம்.