ஆர்டர் குறையாம கார்பனைக் குறைக்கிறது எப்படி

பெங்களூரு பீனியா இண்டஸ்ட்ரியல் ஏரியால சின்ன மெஷின் ஷாப் வச்சிருக்கிற நம்மாளுங்க கிட்ட கார்பன்னு வாயைத் திறந்தாலே "அப்ப புரொடக்‌ஷனைக் குறைக்கச் சொல்றியா"ன்னு சண்டைக்கு வர்றாங்க. அப்படி யாருமே சொல்லலண்ணே. நம்ம கவர்மென்ட்டே 2022ல எழுதிக் குடுத்தது என்னன்னா, ஒரு ரூபா ஜிடிபிக்கு 2005ல வந்த கார்பனை 2030க்குள்ள 45 சதவீதம் குறைக்கிறோம்னுதான், மொத்தத்தைக் குறைக்கிறோம்னு இல்ல. ஷாப்புக்கும் இதே கணக்குதான்.

மொதல்ல 12 மாச பெஸ்காம் கரன்ட் பில்லை எடுங்க, ஒவ்வொரு மாச யூனிட்டையும் அந்த மாசம் டெஸ்பாட்ச் ஆன கிலோவால வகுத்துப் பாருங்க. ஆர்டர் கம்மியான மாசத்துல கிலோவுக்கு யூனிட் எகிறியிருந்தா, வேலையே இல்லாம ஓடுற கரன்ட் நிறைய இருக்குன்னு அர்த்தம்.

அந்தக் கரன்ட் எங்க போகுது? எனக்குத் தெரிஞ்சு பாதி ஷாப்ல காத்தை அழுத்தித் தர்ற கம்ப்ரஸர்தான் திருடன். லஞ்ச் டைம்ல எல்லா மெஷினையும் நிறுத்திட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்க, ஃபோன்ல டைம் பாருங்க, எவ்ளோ நேரம் லோடுல (காத்தை அழுத்திக்கிட்டு) இருக்கு எவ்ளோ நேரம் அன்லோடுல (காத்து தராம சும்மா) இருக்குன்னு. 1 நிமிஷம் லோடு, 3 நிமிஷம் அன்லோடுன்னா கம்ப்ரஸர் தர்ற காத்துல 25 சதவீதம் லீக். நிஜமாவே காசு காத்துல போகுது! சோப்புத் தண்ணியை ஹோஸ், கப்ளிங், ஏர் கன் எல்லாத்துலயும் தடவுனா எங்க குமிழி விடுதோ அங்கதான் லீக், சரி பண்ண செலவு சில நூறு ரூபாதான். பிரஷரையும் 7 பார்ல இருந்து 6க்கு இறக்கிப் பாருங்க, மெஷின் தாங்குச்சுன்னா கம்ப்ரஸர் கரன்ட்ல இன்னும் 6, 7 சதவீதம் மிச்சம். இப்படி நாளைக்கு 20 யூனிட் மிச்சமானா 300 நாளைக்கு 6,000 யூனிட், நம்ம கிரிட்ல யூனிட்டுக்கு சுமாரா 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடுன்னு வச்சா 4 டன்னுக்கு மேல.

நல்லா ஓடுற மோட்டாரைத் தூக்கிப் போடாதீங்க, அடுத்த தடவை எரியும்போது ரீவைண்டிங் கடைக்கு ஓடாம ஐஇ3ன்னு போட்ட, கரன்ட் கம்மியா இழுக்குற மோட்டாரா வாங்குங்க. சோலார் கடைசில, லோடைக் குறைச்சிட்டுப் போட்டா சின்ன பிளான்ட்டே போதும்.

ஐரோப்பாவுக்கு போல்ட், நட்டு அனுப்புறவங்களுக்கு இன்னொண்ணு. 2026 ஜனவரில இருந்து அங்க கார்பனுக்கு காசு உண்டு, அதுல பெரும்பங்கு நீங்க வாங்குற கம்பிக்கு இரும்பை உருக்கின ஸ்டீல் மில்லோடது, நீங்க லீக்கை அடைச்சு அது குறையாது. டேட்டா இல்லன்னா அவங்களே ஒரு நம்பர் போட்டுக்குவாங்க, அது நமக்கு சாதகமா இருக்காது. டெஸ்ட் சர்ட்டிபிகேட் கேக்குற மாதிரி கார்பன் டேட்டாவும் வேணும்னு கம்பிக்கு மில்லுக்குப் போடுற பர்ச்சேஸ் ஆர்டர்லயே எழுதிடுங்க, சரக்கு வந்தப்புறம் கேட்டா மில்காரன் ஃபோனே எடுக்க மாட்டான்.