குளிரில் உறைந்த எண்ணெய்ப் பிசுக்குக்கு வடிகஞ்சி

விடுதியில் பாத்திர முறை உங்களுடையது என்றால் சோறு வடித்த கஞ்சியைக் கொட்டவிடாதீர்கள். குழம்பு அண்டாவையும் கடாயையும் முதலில் பழைய செய்தித்தாளால் துடையுங்கள். பிறகு கஞ்சியைச் சூடாகவே ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு, தேங்காய் நாரால் தேயுங்கள். சோப்பு பாதிகூடச் செலவாகாது, கையும் விறைக்காது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டி, கொடைக்கானலில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் அதைவிடக் குளிர்ச்சி. அதில் எவ்வளவு தேய்த்தாலும் பிசுக்கு மெழுகாக இழுபடுமே தவிரப் போகாது. கஞ்சியின் சூடு அதை இளக்கும், மாவுச்சத்து மறுபடி ஒட்டவிடாது.

துடைத்த தாளை மூடியுள்ள குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும். நீலகிரியில் எண்ணெய் வாசத்துக்குக் கரடி வரும், இதில் அலட்சியம் கூடவே கூடாது.

பால், முட்டைப் பாத்திரங்களுக்கு இது ஆகாது. சூட்டில் அவை இறுகி ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறட்டும். குக்கரில் சோறு வைக்கும் இடத்தில் கஞ்சி கிடைக்காது, அங்கே வெந்நீர்தான். கஞ்சியைப் பாத்திரத்திலேயே காயவிட்டால் அதைச் சுரண்டுவது தனி வேலை.