இத்துப்போச்சா, இற்றுப்போச்சா?

மொட்டைமாடிக் கொடிக்கயிறு போன வாரம் அறுந்து, துவைத்த வேட்டியெல்லாம் தரையில். எடுத்துப் பார்த்தால், வெளியே கயிறு மாதிரி இருக்கிறது, விரலால் நிமிண்டினால் தூளாக உதிர்கிறது. இதற்குத்தான் ‘இற்றுப்போதல்’ என்று பெயர்.

பேச்சில் ‘இத்துப்போச்சு’ என்போம். எழுதும்போது ‘இற்று’. காத்து காற்று, நேத்து நேற்று மாதிரிதான். இதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

வேர்ச்சொல் ‘இறு’. மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் ‘அச்சிறும்’ என்கிற குறளில் (475) இருப்பது இதே சொல். அங்கே பாரம் தாங்காமல் முறிவது. இன்று நாம் சொல்வது வெயிலிலும் மழையிலும் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழப்பது. அதனால் கைதவறி விழுந்த தட்டை ‘இற்றுப்போனது’ என்று எழுதாதீர்கள், அது உடைந்தது, அவ்வளவுதான்.

கயிறு, தகரம், சாக்கு, பழைய புடவை இவற்றுக்கு ‘இற்று’ பொருந்தும். துணி மெலிந்து இழை தெரிந்தால் ‘நைந்து’ இன்னும் நயம். வண்டு துளைத்த மரத்துக்கு ‘உளுத்து’. சாம்பாருக்கு? ‘ஊசிப்போச்சு’தான். அப்புறம், பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியை ‘இத்துப்போன வண்டி’ என்று அவர் காதுபடச் சொல்லாமல் இருப்பது நல்லது.