அரிக்கும் மச்சத்தில் சுண்ணாம்பு வேண்டாம்

மச்சம் அரித்தாலே புற்றுநோய் என்று நடுங்குவதும் தவறு, அரிப்புதானே என்று கைவைத்தியத்தில் இறங்குவதும் தவறு. நம் வீடுகளில் இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கிறது.

வெற்றிலைச் சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து, தீக்குச்சி முனையால் மச்சத்தின் மேல் வைத்தால் காய்ந்து உதிர்ந்துவிடும் என்பார்கள். உதிரும், பொய்யில்லை. இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகி, தோலைப் பொசுக்குகிறது. மேலே இருப்பது போய்விடும், அடியில் உள்ள நிறமிச் செல்கள் தங்கிவிடும். அப்புறம் அந்தத் தழும்புக்குள் கோணல்மாணலாகக் கருமை திரும்பி வந்தால், அது வெறும் மிச்சமா, மெலனோமா என்ற புற்றா என்று நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கே குழப்பம். பார்லரில் சுட்டு எடுப்பதிலும் இதே சிக்கல்தான். எடுத்தே தீர வேண்டுமென்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். எடுத்த துண்டை பயாப்ஸிக்கு, அதாவது நுண்ணோக்கிச் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அரிப்பது மச்சம் அல்ல, சுற்றியுள்ள தோல். வறட்சி, கரப்பான், ஜட்டி எலாஸ்டிக், அரைஞாண் கயிற்றின் உரசல் என்று இவற்றை முதலில் பாருங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் அரிப்புக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். பிஞ்சுத் தோல் மெலிந்துபோகும். இன்னொன்று, மச்சம் போலவே இருக்கும் பழுப்புப் புள்ளி, துண்டால் துடைத்த சில நிமிடங்களில் சிவந்து தடித்தால் அது மாஸ்டோசைட்டோமா என்ற தோல் கட்டியாக இருக்கலாம். உரசும்போது அங்கிருந்து ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளியாகித்தான் அரிக்கிறது. பெரும்பாலும் பருவ வயதுக்குள் மறைந்துவிடும். அதுவரை தேய்த்துக் குளிப்பாட்டாதீர்கள். மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

“வளர வளர மறைஞ்சிடும்” என்ற ஆறுதல் எல்லாப் பிறவித் தழும்புக்கும் பொருந்தாது. இடுப்பிலும் பிட்டத்திலும் உள்ள நீலத் திட்டு பெரும்பாலும் சில வருடங்களில் மங்கிவிடும். பிறந்து சில வாரங்களில் கிளம்பும் சிவந்த ஸ்ட்ராபெர்ரி மச்சம் முதல் 5 மாதங்களில் வேகமாக வளர்ந்து, பிறகு மெல்லச் சுருங்கும். ஆனால் அது கண், மூக்கு, உதட்டருகே இருந்தால் காத்திருக்கக் கூடாது. 2008 முதல் இதற்கு ப்ராப்ரனலால் என்ற மருந்து இருக்கிறது. வளரும் கட்டத்திலேயே தொடங்கினால்தான் நல்ல பலன். நெற்றியிலோ மேல் இமையிலோ உள்ள ஒயின் நிறப் படை தானாக மறையாது. அதற்குக் கண்ணையும் மூளையையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டிவரும்.

கர்ப்பிணி கிரகணத்தன்று சொறிந்தால் பிள்ளைக்குத் தழும்பு வரும் என்ற பேச்சை விட்டுத்தள்ளுங்கள். அதனால் தாயின் மேல் பழி விழுவது தவிர வேறு எதுவும் நடப்பதில்லை.

கர்ப்பத்தில் வயிறும் மார்பும் விரியும்போது அங்குள்ள மச்சமும் கொஞ்சம் விரியும், அரிக்கவும் செய்யும். ஆனால் முதுகிலோ காலிலோ உள்ள மச்சம் மாறினால் ‘மாசமா இருந்தா அப்படித்தான்’ என்று விடக்கூடாது. நிறம் கலந்து தெரிவது, ஓரம் கிழிந்தாற்போல் ஆவது, ரத்தம் கசிவது எல்லாம் கர்ப்பத்திலும் காட்ட வேண்டியவையே. ‘பிரசவம் முடியட்டும்’ என்று தள்ளிப்போட அவசியமில்லை. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து பயாப்ஸி எடுப்பது கர்ப்பத்திலும் பாதுகாப்பானதுதான்.

மச்சத்தைவிட அவசரமான அரிப்பு ஒன்று உண்டு. கடைசி மாதங்களில், தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்க முடியாமல் அரித்தால், கல்லீரலில் பித்தநீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பித்த அமிலம் மிக அதிகமானால் வயிற்றுக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அடுத்த செக்கப் வரை காலமைன் தடவிக் காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்யுங்கள், ரத்தப் பரிசோதனை போதும்.

மச்சத்தைக் கண்காணிக்க, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒரு படம் எடுத்தால் சரி. நம் நிறத்தவர்கள் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நமக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.